பிரேக் டிரம் கழற்றும்போது விரல் கிழிந்தது, கண்ணும் உறுத்துகிறது: வீட்டிலேயே வேலை பார்ப்பவர்கள் வழி சொல்லுங்கள்

கன்னங்குறிச்சி_800
ஞாயிறு, இரவு 8.10

எல்லோருக்கும் வணக்கம். சேலம் கன்னங்குறிச்சியில் இருக்கிறேன். ஆறு மாதத்துக்கு முன்பு ஒரு பழைய மாருதி 800 வாங்கினேன். ஓட்டுவதற்கு மட்டும் இல்லை, அதில் கை வைத்து வேலை கற்றுக்கொள்ள வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. ஆயில், ஃபில்டர், பிளக் எல்லாம் நானே மாற்றினேன், ஒரு கீறல்கூட விழவில்லை. இன்று பின்பக்க பிரேக் ஷூ மாற்றலாம் என்று உட்கார்ந்தேன், எல்லாம் ஒரே நாளில் வந்துவிட்டது.

போர்ட்டிகோவில் சிமென்ட் தரை. வண்டியோடு வந்த ஜாக்கியிலேயே தூக்கினேன். உருண்டுவிடக் கூடாது என்று ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்து வைத்தேன். வீல் நட் நான்கில் மூன்று வந்தது, நான்காவது துருப்பிடித்து அசையவே இல்லை. இருந்த ஸ்பேனரை மாட்டி, முழு பலத்தையும் போட்டுத் தள்ளினேன். ஸ்பேனர் நழுவி, கை நேராக மட்கார்டு விளிம்பில் போய் இடித்தது. நடுவிரல், மோதிர விரல் இரண்டிலும் கணுவின் மேல் தோல் உரிந்து ரத்தம். பெட்ரோல் துணியால் துடைத்து, மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தேன்.

கழற்ற வேண்டியதை எல்லாம் கழற்றிய பிறகும், பிரேக் ஷூவை மூடியிருக்கும் டிரம் வரவில்லை. சுத்தியலால் அரை மணி நேரம் தட்டியிருப்பேன். துரு மழை மாதிரி கொட்டியது. அப்போது வலது கண்ணில் ஏதோ விழுந்தது, தண்ணீர் அடித்துக் கழுவினேன். சாயங்காலத்தில் இருந்து கண் சிமிட்டும்போதெல்லாம் லேசாக உறுத்துகிறது. தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன்.

என் கேள்வி விரலைப் பற்றித்தான். இப்படி ஸ்பேனர் நழுவுவது பழக்கம் இல்லாததாலா, இல்லை கருவி சரியில்லையா? வீட்டில் பட்டறையிலேயே கொடுத்துவிடச் சொல்கிறார்கள். எனக்கு விட மனமில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


செவ்வாய்ப்பேட்டை_பட்டறை
ஞாயிறு, இரவு 8.45

தம்பி, முப்பது வருஷம் பட்டறையில் நின்றவன் சொல்கிறேன், என் பத்து விரலிலும் இந்தத் தழும்பு இருக்கிறது. பழக்கமும் ஒரு காரணம்தான், ஆனால் நீங்கள் சொன்னதைப் படித்தால் கருவியும் நின்ற விதமும்தான் முக்கால்வாசி காரணம்.

முதலில் அந்த ஸ்பேனரைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஓப்பன் ஸ்பேனர் என்றால் துருப்பிடித்த நட்டுக்கு அது ஆகவே ஆகாது. அது நட்டின் இரண்டு பக்கத்தை மட்டும்தான் பிடிக்கும். கொஞ்சம் வாய் அகன்றிருந்தால் முனையை மழுக்கிவிட்டு நழுவும். ஆறு பட்டை உள்ள பாக்ஸ் ஸ்பேனர் வாங்குங்கள். பன்னிரண்டு பட்டை எல்லாக் கோணத்திலும் சுலபமாக மாட்டும், ஆனால் மழுங்கின நட்டில் அதுவும் வழுக்கும். ஆறு பட்டைதான் நட்டின் எல்லாப் பக்கத்தையும் கவ்விப் பிடிக்கும்.

அடுத்தது, தள்ளாதீர்கள், இழுங்கள். இழுக்கும்போது நழுவினால் கை உங்கள் பக்கம்தான் வரும், தகரத்தில் போய் மோதாது. இடம் இல்லாமல் தள்ளியே ஆக வேண்டும் என்றால் ஸ்பேனரை விரல் மடக்கிப் பிடிக்காமல், உள்ளங்கையை விரித்து வைத்துத் தள்ளுங்கள். நழுவினாலும் கணு தப்பிக்கும். பலம் போடுவதற்கு முன்னால், இது இப்போது நழுவினால் என் கை எங்கே போகும் என்று ஒரு நொடி பாருங்கள். எங்கள் ஆசாரி எனக்குச் சொன்ன முதல் பாடம் அதுதான்.

வீல் நட்டை வண்டி தரையில் நிற்கும்போதே கால் சுற்று இளக்கிவிட்டு, அப்புறம்தான் ஜாக்கி போட வேண்டும். தூக்கின பிறகு முழு பலம் போட்டு ஆட்டினால் ஜாக்கி சரிந்துவிடும். இன்று உங்களுக்கு விரலோடு போனது பெரிய விஷயம். துருவுக்கு முதல் நாள் ராத்திரியே எண்ணெய் ஸ்பிரே அடித்து ஊற விடுங்கள், மறுநாள் பாதி வேலை குறைந்திருக்கும்.

டிரம் ஏன் வரவில்லை என்பதும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஹேண்ட் பிரேக் இழுத்திருந்தால் பின் ஷூ இரண்டும் டிரம்மை உள்ளே இருந்து அழுத்திப் பிடித்திருக்கும், சுத்தியல் உடைந்தாலும் வராது. பின்பக்க வேலைக்கு ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட வேண்டும். வண்டி உருளாமல் இருக்க முன் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுத்து, முதல் கியரில் போடுங்கள். 800-க்கு இன்ஜின் முன் சக்கரத்தைத்தான் ஓட்டுகிறது, அதனால் கியர் முன் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்படியும் வராவிட்டால் அட்ஜஸ்டரைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும், டிரம்மின் உள்பக்கம் தேய்ந்து விளிம்பில் படி கட்டியிருக்கும். உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதாதீர்கள், பழைய ஷூவில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியை அப்படியே பையில் போட்டுக் கட்டித் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

கையைப் பெட்ரோலில் கழுவும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். நான் இருபது வருஷம் அப்படிக் கழுவினேன், தோல் வெடித்து, அரிப்பு வந்து, தோல் டாக்டரிடம் அலைந்தேன். தேங்காய் எண்ணெயைத் தேய்த்து, பனியன் வேஸ்ட்டில் துடைத்து, சோப்பு போட்டால் எந்தக் கிரீஸும் போய்விடும்.


மாலைநேர_ஷிஃப்ட்
ஞாயிறு, இரவு 9.05

நான் ஸ்டாஃப் நர்ஸ், அவசரப் பிரிவில் வேலை பார்த்தவள். கார் வேலை எனக்குத் தெரியாது, ஆனால் இதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. சார், விரலை அப்புறம் பார்க்கலாம். உங்கள் கண்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

இரும்பை இரும்பால் அடித்திருக்கிறீர்கள். மேலே இருந்து தூசி விழுவது வேறு, சுத்தியல் அடியில் தெறிக்கும் இரும்புத் துணுக்கு வேறு. அது வேகமாக வந்து கருவிழியில் குத்தி நிற்கலாம், மிகச் சின்னதாக இருந்தால் கருவிழியைத் துளைத்து உள்ளேயே போகலாம். உள்ளே போனால் சில சமயம் வலியே பெரிதாக இருக்காது. அதனால்தான் ஆட்கள் நாலு நாள் கழித்து வருகிறார்கள். கருவிழியில் நிற்கும் இரும்பு சில மணி நேரத்திலேயே துருப்பிடிக்க ஆரம்பித்து, சுற்றிலும் ஒரு வளையம் மாதிரி கறை விடும். தூங்கி எழுந்தால் அது போகாது.

இப்போதே ஒரு கண்ணை மூடி மூடிப் பாருங்கள். வலது கண்ணில் பார்வை மங்கலாக இருக்கிறதா, நடுவில் உள்ள கருப்பு வட்டம் வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் இழுத்த மாதிரி இருக்கிறதா, வலி கூடுகிறதா, வெளிச்சம் பார்க்க முடியவில்லையா? இதில் ஒன்று இருந்தாலும் இன்றிரவே போங்கள். மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையில் அவசரப் பிரிவு இரவிலும் உண்டு. இல்லை என்றால் நாளைக் காலை முதல் வேலையாகக் கண் டாக்டரிடம் போங்கள். அதுவரை தேய்க்காதீர்கள், அழுத்திக் கட்டாதீர்கள், விளக்கெண்ணெய், தாய்ப்பால் என்று எதையும் விடாதீர்கள், வீட்டில் பழைய சொட்டு மருந்து இருந்தால் அதையும் போட வேண்டாம். டாக்டரிடம் “தூசி விழுந்தது” என்று மட்டும் சொல்லாமல், சுத்தியலால் இரும்பைத் தட்டிக்கொண்டிருந்தேன் என்று கட்டாயம் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தையில் அவர்கள் பார்க்கும் விதமே மாறும், தேவைப்பட்டால் எக்ஸ்ரேயோ சி.டி. ஸ்கேனோ எடுப்பார்கள்.

விரலுக்கு: கட்டை அவிழ்த்து, குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு, சோப்பு போட்டு நன்றாகக் கழுவுங்கள். உள்ளே துரு, மண், மஞ்சள் எதுவும் இருக்கக் கூடாது. சுத்தமான துணி வைத்துக் கட்டினால் போதும். விரல் மடக்க முடியவில்லை, மரத்திருக்கிறது, காயம் வாய் பிளந்து நிற்கிறது என்றால் டாக்டர் பார்க்க வேண்டும், கணுவுக்கு அடியில் நரம்பும் தசைநாரும் மிக அருகில் இருக்கின்றன. கடைசியாக டிடி ஊசி எப்போது போட்டீர்கள்? அழுக்குக் காயம் என்றால் ஐந்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தாலே போட வேண்டும்.


ஏற்காடு_ஜீப்
ஞாயிறு, இரவு 9.40

சிஸ்டர் சொன்னதைக் கேளுங்கள், முதலில் கண்.

நான் மேலே எஸ்டேட்டில் இருக்கிறேன், பழைய டீசல் ஜீப். இங்கே ஒரு சாமானுக்கும் அடிவாரம் இறங்கி வர வேண்டும் என்பதால் பாதி வேலையை நாங்களே பார்த்துக்கொள்வோம். எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன், இந்த மலை ஏறுகிற எல்லோருக்கும் உதவும்.

ஒரு மே மாதம், உர மூட்டை ஏற்றிக்கொண்டு அடிவாரத்தில் இருந்து வருகிறேன். இருபது கொண்டை ஊசி வளைவில் பதினேழு தாண்டியதும் டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போய்விட்டது. ஓரம் கட்டி, ஐந்து நிமிஷம் நின்று, ஈரச் சாக்கை வைத்து ரேடியேட்டர் மூடியைத் திருகினேன். மூடி கையை விட்டுப் பறந்தது. கொதி தண்ணீர் முன்கையிலும் கழுத்திலும் அடித்தது. உள்ளே அழுத்தம் இருக்கும்வரை தண்ணீர் 100 டிகிரிக்கு மேலே போனாலும் கொதிக்காமல் அடங்கி இருக்கும், மூடியைத் திறந்த அந்த நொடியில் மொத்தமும் ஒன்றாகக் கொதித்து வெளியே வரும் என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது. அதிலும் ஏற்காடு ஏறக்குறைய 1500 மீட்டர் உயரம், இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். கீழே நின்று திறப்பதைவிட மேலே இன்னும் மோசம்.

பக்கத்து வீட்டில் ஓடி வந்து தோசை மாவை அப்பினார்கள். அன்போடு செய்தது, குறை சொல்லவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் அந்த மாவைக் கழுவி எடுத்தபோது பட்ட வலி வெந்ததைவிட அதிகம். இப்போது என் பழக்கம் இதுதான்: இன்ஜினை நிறுத்திவிட்டு குறைந்தது முக்கால் மணி நேரம் மூடியைத் தொடுவதில்லை. மேலே போகும் ரப்பர் ஹோஸைத் துணி வைத்துப் பிடித்து அழுத்திப் பார்ப்பேன், கல் மாதிரி இருந்தால் உள்ளே இன்னும் அழுத்தம் இருக்கிறது. காரில் எலக்ட்ரிக் ஃபேன் இருக்கும், சாவியை எடுத்த பிறகும் சூட்டில் அது தானாகச் சுற்ற ஆரம்பிக்கலாம், விரலை அங்கே விடாதீர்கள். ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட் கீழே சிந்தினால் உடனே கழுவிவிடுங்கள், இனிப்பாக இருப்பதால் நாய் நக்கும், அது விஷம்.

ஜாக்கியைப் பற்றியும் ஒன்று. எங்கள் மண்ணில் மழை பெய்தால் ஜாக்கி அடிப்பாகம் மெதுவாக இறங்கும், கண்ணுக்கே தெரியாது. ஒரு அடி அகலத்துக்கு சில்வர் ஓக் பலகைத் துண்டு வைத்து அதன் மேல்தான் நிறுத்துவேன். சரிவில் தூக்கவே மாட்டேன். சிமென்ட் தரையில் உங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை, ஆனால் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை விட்டீர்களா? டிரம்மைப் பார்க்கும்போது குனிந்திருப்பீர்கள் என்று தோன்றுகிறது. தூக்கின வண்டியைத் தாங்கி நிற்கும் ஸ்டாண்டு இல்லாமல் அது வேண்டவே வேண்டாம். ஹாலோ பிளாக் கல்லையும் முட்டுக் கொடுக்காதீர்கள், அது சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும்.


அம்மாபேட்டை_ஆல்டோ
ஞாயிறு, இரவு 10.15

ஜீப் அண்ணா, நானும் தோசை மாவு போட்டவன்தான், சைலன்சரில் முழங்கை பட்டபோது. சிஸ்டர், மஞ்சள் கிருமிநாசினி என்றுதானே சின்ன வயதில் இருந்து கேட்கிறோம், அதையுமா வேண்டாம் என்கிறீர்கள்? சண்டைக்குக் கேட்கவில்லை, என் அம்மாவிடம் சொல்ல வேண்டும்.

கேட்டவருக்கு என் அனுபவம் ஒன்று: மோதிரத்தைக் கழற்றி வையுங்கள். நான் பேட்டரி மாற்றும்போது பாசிட்டிவ் நட்டை முதலில் கழற்றினேன். ஸ்பேனரின் மறு முனை பாடியில் பட்டது, நடுவில் கல்யாண மோதிரம். பன்னிரண்டு வோல்ட்தானே என்று நினைத்திருந்தேன். வோல்ட் குறைவுதான், ஆனால் ஷார்ட் ஆனால் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தள்ளிவிடும். மோதிரம் பழுத்துவிட்டது. கழற்றவும் முடியாமல், விரலைச் சுற்றி வளையமாக வெந்தது. ஆற இரண்டு மாதம் ஆனது. நெகட்டிவை முதலில் கழற்றி, மாட்டும்போது கடைசியில் மாட்டினால் இது நடக்கவே வாய்ப்பில்லை, ஏனென்றால் நெகட்டிவ் இல்லாவிட்டால் ஸ்பேனர் பாடியில் பட்டாலும் சுற்று முடியாது. அன்று இது எனக்குத் தெரியாது, என் பக்கத்தில் சொல்லவும் ஆள் இல்லை.

லுங்கி கட்டிக்கொண்டு ஓடுகிற இன்ஜின் பக்கம் நிற்பவர்கள் இருந்தால் அதையும் யோசியுங்கள். தோளில் துண்டும் வேண்டாம், பெல்ட் இழுத்துவிடும்.


மாலைநேர_ஷிஃப்ட்
ஞாயிறு, இரவு 10.30

தம்பி, அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: மஞ்சளில் குணம் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சமையலறை டப்பாவில் இருக்கும் மஞ்சள் தூள் சுத்திகரித்தது இல்லை, கரண்டி, கை எல்லாம் பட்டது. அதோடு காயத்தின் நிறத்தையே மறைத்துவிடும். சிவந்திருக்கிறதா, கருத்திருக்கிறதா, எவ்வளவு ஆழம் என்று எங்களால் பார்க்க முடியாது, சுரண்டித்தான் எடுக்க வேண்டும். உங்களுக்கு வலிக்கும், எங்களுக்கு நேரம் போகும்.

சூடு பட்டால் 20 நிமிடம் ஓடும் தண்ணீர். ஐஸ் இல்லை, சாதாரணக் குழாய்த் தண்ணீர். மோதிரம், வாட்ச் இருந்தால் வீங்குவதற்குள் கழற்ற வேண்டும். பேஸ்ட், பேனா மை, மாவு ஒன்றும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள். பேட்டரி ஆசிட் கண்ணில் தெறித்தால் அங்கேயே, அப்போதே, 15-20 நிமிடம் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு அப்புறம்தான் வண்டி ஏற வேண்டும்.

டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று, ஜீப் அண்ணாவும் கேட்டுக்கொள்ளுங்கள். டீசல் பைப் கசிவையோ கிரீஸ் கன்னையோ விரலால் தடவிப் பார்க்காதீர்கள். அதிக அழுத்தத்தில் தோலுக்குள் பீய்ச்சிவிட்டால் வெளியே ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் இருக்காது. உள்ளே தசையெல்லாம் கெட்டுக்கொண்டிருக்கும். சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலே போகலாம்.

கன்னங்குறிச்சி சார், கண்ணை மூடிப் பார்த்தீர்களா?


கன்னங்குறிச்சி_800
திங்கள், இரவு 7.50

எல்லோருக்கும் நன்றி என்று ஒரு வார்த்தையில் முடிக்க மனமில்லை. நேற்று இரவு பார்த்தபோது பார்வை தெளிவாகத்தான் இருந்தது, அதனால் காலை எட்டு மணிக்கெல்லாம் கண் மருத்துவமனையில் போய் நின்றேன். சிஸ்டர் சொன்ன மாதிரி சுத்தியல் என்று சொன்னதும் டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். கண்ணில் மஞ்சள் சொட்டு விட்டு, நீல வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார், எக்ஸ்ரேயும் எடுத்தார்கள். உள்ளே ஒன்றும் போகவில்லை. கருவிழியில் ஒரு இரும்புத் துணுக்கு, கடுகில் கால்வாசிகூட இருக்காது, குத்தி நின்றிருக்கிறது. மரத்துப்போகும் சொட்டு விட்டு ஊசி முனையால் எடுத்தார், வலி தெரியவில்லை. சுற்றிலும் துரு வளையம் விழுந்துவிட்டது, இன்று பாதியைச் சுரண்டி எடுத்திருக்கிறார், மீதிக்கு வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். ஒரு நாள் தாமதித்திருந்தால் இன்னும் ஆழமாகக் கறை இறங்கியிருக்கும் என்றார். ஆன்டிபயாடிக் சொட்டு தந்திருக்கிறார்கள். டிடி கடைசியாகப் போட்டு ஒன்பது வருடம் ஆகியிருந்தது, அதையும் போட்டுக்கொண்டேன். விரல் பரவாயில்லை.

நான் விரலைப் பற்றி மட்டுமே எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வீட்டில் கேட்டார்கள், பதில் சொல்லத் தெரியவில்லை.

ஜீப் அண்ணா, நீங்கள் கேட்டது சரிதான், டிரம் பின்பக்கம் பார்க்கத் தலையை உள்ளே விட்டேன். வெறும் ஜாக்கியில். இப்போது நினைத்தால் உடம்பு நடுங்குகிறது. வண்டி இன்னும் அப்படியேதான் நிற்கிறது, சக்கரத்தை மட்டும் மாட்டி இறக்கி வைத்திருக்கிறேன். பாதுகாப்புக் கண்ணாடி ஒன்று வாங்கிவிட்டேன், பக்கவாட்டிலும் மூடியிருக்கும் வகை. ஸ்டாண்டு, ஆறு பட்டை பாக்ஸ் எல்லாம் சேலத்தில் எங்கே நல்லதாகக் கிடைக்கும்? எத்தனை டன் ஸ்டாண்டு வாங்க வேண்டும்?


செவ்வாய்ப்பேட்டை_பட்டறை
திங்கள், இரவு 8.30

படித்த பிறகுதான் நிம்மதி தம்பி. காலையில் இருந்து மூன்று தடவை வந்து பார்த்துவிட்டேன்.

உங்கள் வண்டிக்கு இரண்டு டன் ஸ்டாண்டு ஒரு ஜோடி தாராளம். உயரத்தில் நிறுத்தும் பூட்டு சரியாக விழுகிறதா, வெல்டிங்கில் விரிசல் இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள், விலை குறைவு என்று மெல்லிய தகரத்தில் செய்ததை வாங்காதீர்கள். வைத்த பிறகு அடியில் போவதற்கு முன் வண்டியை ஒரு தடவை நன்றாக ஆட்டிப் பாருங்கள். செவ்வாய்ப்பேட்டை பக்கம் கடைகள் நிறைய இருக்கின்றன, ஆனால் இப்போதைக்கு வாங்க வேண்டாம். என்னிடம் ஒரு ஜோடி சும்மா கிடக்கிறது, பாக்ஸ் செட்டும் இருக்கிறது. தனிச் செய்தியில் நம்பர் அனுப்புங்கள். வியாழக்கிழமை டாக்டர் சரி என்று சொன்ன பிறகு, ஞாயிற்றுக்கிழமை காலை எடுத்துக்கொண்டு கன்னங்குறிச்சிக்கு வருகிறேன். அந்த நான்காவது நட்டில் சனிக்கிழமை ராத்திரியே எண்ணெய் அடித்து வையுங்கள்.